சின்னப் பிள்ளைக்குச் சின்ன சென்சார்

கெடா மாநிலத்தில் இனிப்புநீர் கிளினிக் மிஸ்ஸி, அதாவது நீரிழிவு நர்ஸ், என்றால் நோயாளிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, தனக்கே புரியாததைப் புரிந்த முகத்தோடு அடுத்தவருக்குச் சொல்வது. கவுண்டர் கவுண்டராக அலைந்து, கடைசியில் புறப்பட்ட கவுண்டருக்கே வந்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களிடம் சொன்னால்தான் என் மனசு ஆறும்.

இரண்டு வாசல்

பாடாங் மேஹா தோட்டத்தில் உரம் போடுபவள் சரஸ்வதி. அவள் மகள் யமுனா பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. ரத்தத்தில் சீனி இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும். இவளுக்கு எந்த அறிகுறியும் கிடையாது, நேரே மயக்கம்தான். இடுப்பில் மாட்டும் பம்ப் இன்சுலின் கொடுக்கும். கையில் ஒட்டும் சென்சார் சீனி அளவைப் பார்த்துப் பம்ப்புக்குச் சொல்லும். சீனி இறங்கினால் பம்ப் தானே நின்றுகொள்ளும்.

இரண்டும் இலவசம்தான். ஆனால் பம்ப் கொடுப்பது ஒரு நிதி, சென்சார் கொடுப்பது வேறொரு நிதி. பம்ப் கேட்டால் சென்சார் அளவுகளைக் காட்டு என்றார்கள். சென்சார் கேட்டால் முதலில் பம்ப் இருக்கிறதா என்றார்கள். இதைச் சரஸ்வதிக்கு விளக்க ஆரம்பித்து, நடுவில் நானே குழம்பி நின்றுவிட்டேன். அவள் சொன்னாள்:

“மிஸ்ஸி, நீங்க மொதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க லா.”

பெட்டி வந்தது

எப்படியோ இரண்டும் கிடைத்தன. பம்ப்பை மாட்டி, பெட்டியிலிருந்து ஒரு சென்சாரை எடுத்து ஒட்டினேன். பம்ப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பார்த்தால், சென்சார் வேறு கம்பெனி. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

அன்றைக்கே மெர்கோங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ரஃபீக் பாயும் தன் பெட்டியோடு வந்தார். அவருக்கும் சின்ன வயதிலிருந்து இதே வியாதி, புதிதாகப் பம்ப் வந்திருந்தது. அவருக்கு அனுப்பிய சென்சார் யமுனாவின் பம்ப்புக்குரியது. யமுனாவுக்கு அனுப்பியது அவருடைய பம்ப்புக்குப் பொருந்துவது. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழித்துக்கொண்டிருந்தேன். பாய் எட்டிப் பார்த்தார்.

“கல்யாண வூட்டுல செருப்பு மாறுன மாதிரில்ல இருக்கு, மிஸ்ஸி.”

போனில் விளக்கம்

சென்சார் நிதி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா நல்ல மனுஷி, அதுதான் என்னைச் சண்டை போடவிடாமல் செய்தது. பெட்டியை மாற்ற வேண்டுமென்றால் புது விண்ணப்பம் போட வேண்டுமாம், அடுத்த கூட்டத்தில் பார்ப்பார்களாம், கூட்டம் எப்போது என்று அவருக்கே தெரியாதாம். எதை வைத்து யாருக்கு எது என்று பிரித்தீர்கள் என்று கேட்டேன். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“சின்னப் பிள்ளைக்குச் சின்ன சென்சார், பெரிய ஆளுக்குப் பெரிய சென்சார். பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பினோம், சிஸ்டர்.”

கேன்டீனில்

அதற்கு முந்தின வாரம்தான் யமுனா பள்ளியில் மயங்கி விழுந்திருந்தாள். கூட்டம் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் கிளினிக் கேன்டீனின் மூலை மேசையில் பாய் தன் பெட்டியைச் சரஸ்வதி பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை.

“பேரு எழுதியிருக்கு பாய். மாத்தினது தெரிஞ்சு நிப்பாட்டிட்டாங்கன்னா, எம்புள்ளைக்கு இதுவும் இல்லாமப் போயிரும்” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மாற்றாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து, மாற்றினால் உதவிக்கு ஆபத்து. எனக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவதென்று தெரியவில்லை. டாக்டரையே கூட்டி வந்தேன். அவர் சென்சார்களின் சீல் உடையாமல் இருக்கிறதா என்றும் காலாவதித் தேதியையும் பார்த்தார், இருவர் ஃபைலிலும் நடந்ததை நடந்தபடி எழுதினார்.

“பொருந்துறத போடுங்க, மிஸ்ஸி. யாராச்சும் கேட்டா என்கிட்ட அனுப்புங்க.”

கணக்குப் பாடம்

அடுத்த முறை வந்தபோது யமுனாவே சொன்னாள். கணக்குப் பாடம் நடக்கும்போது இடுப்பில் பம்ப் கத்தியதாம். பார்த்தால் சீனி இறங்கிக்கொண்டிருக்கிறது, பம்ப் தானாக இன்சுலினை நிறுத்தியிருக்கிறது. டீச்சர் இனிப்புத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை அவள் விழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ வெகு சாதாரணமாகச் சொன்னாள்:

“எனக்கு ஒண்ணுமே தெரில மிஸ்ஸி. அதுக்குத்தான் தெரிஞ்சிச்சு.”

பதில்

பெட்டியை மாற்றித் தரச் சொல்லி நாங்கள் போட்டிருந்த விண்ணப்பத்துக்குக் கடைசியில் பதில் வந்தது. இரண்டு நோயாளிகளுக்கும் சீனி அளவு இப்போது நன்றாக இருப்பதால், கொடுத்த சென்சாரே பொருத்தமானது, இனியும் அதையே அனுப்புவோம் என்றிருந்தது. மறுபடி அதே அம்மாவுக்குப் போன் போட்டு, நாங்களே பெட்டிகளை மாற்றிப் போட்டதால்தான் சீனி நன்றாக இருக்கிறது என்றேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப நாங்க மாத்தி அனுப்பினா கெட்டுப்போயிடுமே, சிஸ்டர்?”

ஆகவே, சென்சாரைப் பம்ப்போடு சேர்த்துவைக்கும் திட்டம் கெடா மாநிலத்தில் இப்போது நல்லபடியாகவே நடந்துவருகிறது, பெட்டி வரும்போதெல்லாம், எங்கள் கேன்டீனில் ஃபேன் ஓடாத மூலை மேசையில்.