ஆதம்பாவா கேட்ட இரண்டாவது சத்தம்

முப்பத்தி நாலாம் ஆண்டு அது. காத்தான்குடிச் சந்தையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்த ஆதம்பாவா இருமலுக்கு மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குப் போனார். போனோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா நெஞ்சில் வைத்துப் பார்த்த குழாயை, ஆதம்பாவா தன் காதிலும் மாட்டச் சொல்லிக் கெஞ்சினார். ஐயாவும் மாட்டிவிட்டார். உள்ளே ஒரு அடி. உடனே இன்னொரு அடி.

"ரெண்டு சத்தம் கேக்குதே ஐயா?"

"ஓம், ரெண்டுதான்" என்றுவிட்டு ஐயா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆதம்பாவாவோ இருபது வருசமாக மாட்டு இருதயங்களை அறுத்த மனுசன். ஒரு இருதயத்துக்கு ஒரு அடிதானே இருக்க வேண்டும்? இரண்டாவது எங்கிருந்து வந்தது? உள்ளே ஏதோ கழன்றுவிட்டது, இனி மவுத்துத்தான் என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டார். அறுத்த இருதயம் எதுவும் அவருக்குத் துடித்துக் காட்டியதில்லை என்பது அந்த மண்டையில் ஏறவேயில்லை.

மவுத்துக்கு முன் மாப்புக் கேட்க வேண்டுமே. கடையைப் பூட்டிவிட்டு அன்று பின்னேரமே வாவிக்கரை வீதியில் வீடு வீடாக ஏறினார். "இறைச்சிக்குக் கீழ எலும்ப ஒளிச்சிக் குடுத்திரிக்கன். ஹலாலாக்கிடுங்க" என்றார். ஊர் அழுதது, மன்னித்தது. எலும்பை மட்டும் மறக்கவில்லை.

மிச்சம் இருந்தவள் மனைவி ஹவ்வா உம்மா. அவளிடம் சொல்லத்தான் பயம். சொல்லாமல் செத்தாலோ மறுமையில் மாட்டிக்கொள்வார். மறுநாள் பகல் பாயில் படுத்தபடியே வாயைத் திறந்தார்.

"புள்ள, ஒவ்வொரு கிழமையும் ஈரல் வித்துப் போச்செண்டு சொன்னனே, அது பொய். கூடப் பொறந்த ராத்தாட ஊட்ட குடுத்து ஆக்கித் திண்டன். உன்ட ஈரல் கறி வாயில வைக்கேலாது. ஹலாலாக்கிடு."

ஹவ்வா உம்மா அழவில்லை. "வேற ஏதும் இரிக்கா?"

"இல்ல. அவ்வளவுதான்."

அவள் எழுந்துபோய், எதிர் இறைச்சிக்கடை றவூபிடம் வாங்கி வைத்திருந்த மாட்டு இருதயத்தையும் ஒரு செம்புத் தண்ணீரையும் கொண்டுவந்தாள். இருதயத்தின் மேலறையில் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் இடையிலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு கீழறைக்கு இறங்கியது. கீழறையைக் கையால் இறுக்கினாள். அந்தக் கதவு மூடிக்கொள்ள, தண்ணீர் பெரிய குழாய் வழியாகச் சீறி ஆதம்பாவாவின் முகத்தில் அடித்தது.

"இரத்தம் மேல ஏறாம இந்தக் கதவு சாத்துது. அதுதான் முதல் சத்தம். இந்தப் பக்கம் உடம்புக்கு அனுப்புது. அதே நேரம் அந்தப் பக்கம் சுவாசப்பைக்கு அனுப்புது. பொறகு இறுக்கம் தளரக்குள்ள, போன இரத்தம் திரும்பி வராம குழாய் வாசல்ல மத்தக் கதவு சாத்துது. அது ரெண்டாவது. எல்லாருக்கும் ரெண்டுதான்."

"உனக்கு ஆர் சொன்ன?"

"அப்போதிக்கரி ஐயா. ரெண்டு சத்தம் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்களே, விடியவே போய்க் கேட்டுட்டு வந்தன்."

"அப்ப நான் பேசக்குள்ளயே தெரியுமா? ஏன் புள்ள சொல்லல்ல?"

"நீங்க முடிக்கட்டும் எண்டுதான்."

ஆதம்பாவா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உயிர் தப்பிய சந்தோசம் ஒரு பக்கம், ஈரல் கதையை உளறிய பயம் மறுபக்கம். "ஹலாலாக்கிட்டயா?" என்று மெல்லக் கேட்டார்.

"மவுத்தாகப் போற ஆளெண்டா ஆக்கியிருப்பன். நீங்கதான் சாகல்லியே."

அதற்குப் பிறகு அவர் முப்பத்திரண்டு வருசம் இருந்தார். கிழமைக்கு ஒரு நாள் வீட்டில் ஈரல் கறி. தின்று முடித்துக் கை கழுவும்வரை ஹவ்வா உம்மா பக்கத்திலேயே நிற்பாள். "நல்லாரிக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் பீங்கான் தட்டை எடுப்பாள்.