நீதிபதி வீட்டுக்காரர்

பால் லாரி வளைவில் திரும்பும்போதே நாற்சந்தியில் நிற்கும் ஆர்லோ பலகையைத் தலைக்குமேல் தூக்கிவிடுவார். ‘டுவைன் ப்ரெக்கே, ஷெரீஃப் பதவிக்கு.’ ஓட்டுநர் ஹாரன் அடித்தால் நின்ற இடத்திலேயே ஒரு குதி. அடிக்காமல் போனால், “தூங்கிக்கிட்டே ஓட்டுறான் பாரு! இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?” என்று லாரியின் முதுகைப் பார்த்துக் கத்துவார். ஏரிக்காற்றில் மூக்கு பீட்ரூட்டாகச் சிவந்திருக்கும்.

டுவைன் அவருடைய தம்பி; மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் பதவிக்குத் தேர்தலில் நின்றிருந்தார். பலகையை நட்டுவைக்க ஆர்லோவுக்கு வீட்டு முன்னால் அகலமான புல்வெளி இருக்கிறது. ஆனால் நடக்கூடாது. அவர் மனைவி கொரின் எங்கள் மாவட்ட நீதிபதி. நீதிபதி எந்த வேட்பாளருக்கும் ஆதரவு காட்டக்கூடாது, நன்கொடையும் தரக்கூடாது. புல்வெளியோ இருவருக்கும் பொது.

நான் அடுத்த வீடு. ஆர்லோவுக்கு டிராக்டர் பழுதுபார்க்கும் தொழில், கூடவே ஓயாத வாய். கொரின் நீதிபதியான பிறகு, உணவகத்தில் யாராவது அரசியல் பேச ஆரம்பித்தால் பான்கேக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொள்கிறார். “வாய் காலியா இருந்தா வம்புய்யா” என்பார். தொப்பை விழுந்ததே அப்படித்தான்.

ஆனாலும் வம்பு வந்தது. எதிர் வேட்பாளர் வானொலியில் ஓயாமல் விளம்பரம் செய்ய, பொறுக்கமாட்டாமல் தம்பிக்கு ஒரு காசோலை எழுதிக் கொடுத்துவிட்டார்.

“அது நம்ம ரெண்டு பேர் கணக்கு, ஆர்லோ. என் பேரும் அதுல இருக்கு. நானே குடுத்த மாதிரிதான்” என்றார் கொரின்.

“அவன் என் தம்பிடீ!”

“நாளைக்கு உன் தம்பி புடிச்சிட்டு வர்ற ஆளு என் முன்னாடிதானே வந்து நிப்பான்? அவன் என்னை எப்படி நம்புவான்?”

ஆர்லோ தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தானே போய்க் காசோலையைத் திருப்பிக் கேட்டார். “பொண்டாட்டி கோர்ட்டுதான் உனக்குப் பெருசு. போண்ணே” என்று கொடுத்த டுவைன், அதன்பின் அண்ணனோடு பேசவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவர் மனைவியிடம் கேட்டாராம்: “பணம் குடுத்தாத்தானே தப்பு? பலகையோட ரோட்டுல நின்னா?”

கொரின் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “நம்ம வீட்டு முன்னால வேண்டாம். என் பேரை இழுக்காதே. மத்தபடி உன் காலு, ஊர் ரோடு.”

மறுநாளிலிருந்து நாற்சந்திதான். கொரின் நீதிமன்றத்துக்குப் போவதும் அந்த வழியே. தலையைத் திருப்பமாட்டார். அந்தக் காருக்கு மட்டும் ஆர்லோவும் பலகையைத் தாழ்த்திப் பிடிப்பார்.

டுவைன் அந்தத் தேர்தலில் தோற்றது வேறு கதை. நான் சொல்ல வந்தது வாக்குப்பதிவுக்கு முந்தின காலையை. கொரினின் காருக்குப் பின்னால் என் கார். பனி தூறிக்கொண்டிருந்தது. டுவைன் எங்கிருந்தோ வந்து அண்ணன் எதிரே நின்றார்.

“பைத்தியமாண்ணே உனக்கு? ஊரே சிரிக்குது.”

“சிரிக்கிறவன் ஓட்டுப் போடமாட்டானா?”

 டுவைன் பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

கொரினின் கார் நின்றது. முகம் நேரே சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி மட்டும் இறங்கியது. வெளியே நீண்ட கையில் காபி பிளாஸ்க், அதன்மேல் கவிழ்த்த இரண்டு கோப்பைகள்.