ஞாயிற்றுக்கிழமை வந்த வள்ளம்

ஆண்டவருடைய நாளை மதித்து ஊரின் எல்லா வள்ளங்களும் கரையேறிக் கிடந்தபோது, அந்த நாளை மதிக்காமல் கடலுக்குப் போன ஒருவர் வழியாக அவர் ஏன் என் செபத்துக்குப் பதில் தந்தார்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆனாலும் உதவி உண்மையாகவே வந்தது. அதனால் சாட்சி சொல்கிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் ஒரு வள்ளமும் கடலில் இருக்கக் கூடாது. திங்கள் விடியும்வரை தொழில் இல்லை. தண்ணீரில் வலை கிடந்தாலும் குற்றம்தான். மீறினால் ஊர்க் கமிட்டி அந்த வள்ளத்தை ஒரு மாதம் கட்டிப்போடும். நான் மறைக்கல்வி ஆசிரியை. ஓய்வுநாளைப் புனிதமாக அனுசரி என்ற மூன்றாம் கட்டளையைக் கற்பிக்கும்போது என் குரல் தானாக உயரும்.

போன அக்டோபரில், செபமாலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் கணவர் ரூபன் கணவாய் மீன் பிடிக்கத் தனியாகப் போனார். ஐந்து மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. ஆறு மணிக்குக் கமிட்டிச் செயலாளர் வள்ளங்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

"ரூபன் வள்ளத்தக் காணலியே, எங்கம்மா?"

கணவர் வேண்டுமென்றே தாமதிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மறைக்கல்வி டீச்சர் வீட்டு வள்ளத்தையே கட்டிப்போட்டால் ஊர் என்ன பேசும்? வாய் முந்திக்கொண்டது. "இன்ஜின் வேலைக்குத் திரேஸ்புரம் கொண்டு போயிருக்காவ."

அவர் நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்ன பொய்யை மாற்றிச் சொல்லத் துணியாமல், விடியும்வரை நான் கண் மூடவில்லை. காலையில் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஊர் மணி அடித்திருக்கும். தேடப் போவதற்குத் தடை எதுவும் இல்லை, பத்து வள்ளம் போயிருக்கும். நான் சொன்ன பொய்யால் ஒருவரும் போகவில்லை. பூசை முடியட்டும், எல்லார் காலிலும் விழலாம் என்று நினைத்தேன். அதுவரை செபமாலையைக்கூட ஒழுங்காக உருட்ட வரவில்லை. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன்.

ஏழரை மணிக்கு ஒரு வள்ளம் இன்னொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்துத் தெரு சேவியர் அண்ணனுடைய வள்ளம். பின்னால் கட்டியிருந்தது எங்களுடையது. கணவர் உதடு வெடித்து, உயிரோடு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. திரேஸ்புரத்திலிருந்து திரும்பும் வழியில் நடந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

"இந்தா பிடிம்மா ஒன் வீட்டுக்காரன! பாறை மீன் படும்னு பாத்தா, இவன்லா பட்டிருக்கான்" என்று அண்ணன் சிரித்தார்.

அழுதபடி கணவரைப் பிடித்தேன். அப்போதும் என் கண் அண்ணன் வள்ளத்துக்குள்தான் போயிற்று. தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு பாறை மீன் வாலை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஈர வலை.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போனார் என்று யாரோ கமிட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்தியிலா, பொறாமையிலா, தெரியாது. செயலாளர் வீட்டுக்கே வந்தார்.

"ஏளா ரீத்தா, நீ சொல்லித்தான் ரூபனத் தேடப் போனேங்கான் சேவியரு. உள்ளதா? நீ சொன்னா கமிட்டி நம்பும்."

நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கணவருக்குக் கோபம். "ஆமான்னு ஒத்த வார்த்த சொல்லேன். வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும்? அவரு மட்டும் வரலன்னா இன்னைக்கு நீ கறுப்புச் சேலதான் கட்டியிருப்ப."

உண்மைதான். ஆனால் பொய்ச் சாட்சி சொல்லாதே என்பதும் கட்டளைதானே? பங்குத்தந்தையிடம் கேட்டேன். "உன் மனசாட்சி என்ன சொல்லுது?" என்றார். என் மனசாட்சியின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். உண்மை பேச வேண்டும் என்று அது துடிக்கும்போது, நல்லவள் என்ற பெயருக்குத் துடிக்கிறதோ என்று தோன்றுகிறது. பேசாமல் இரு என்றால், சனிக்கிழமைப் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயமோ என்று தோன்றுகிறது. ஊர் மானத்துக்குப் பயந்ததைத்தான் இத்தனை நாளும் கட்டளையை மதிப்பது என்று நினைத்திருந்தேனோ?

ஒன்று மாறியிருக்கிறது. பூசைக்கு வராத பிள்ளைகளை முன்பெல்லாம் வகுப்பில் எழுப்பி நிறுத்துவேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறேன்.

அன்பானவர்களே, ஆண்டவர் கேட்கிறார். பொய் சொன்ன வாயால் கேட்டும் எனக்குக் கொடுத்தார். உங்கள் ஆபத்தில் தயங்காமல் அவரைக் கூப்பிடுங்கள். என் கணவர் இப்போது குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார், அதற்குக் கோடி நன்றி.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கமிட்டி கூடுகிறது. நான் 'இல்லை' என்று சொன்னால் எங்களைக் காப்பாற்றியவரின் வள்ளம் கரையில் கிடக்கும், அவருக்கும் மூன்று பிள்ளைகள். 'ஆமாம்' என்று சொன்னால் கோயிலுக்கு முன் நின்று இன்னொரு பொய். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து அதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.