நான் கை தூக்காத புதன்கிழமை

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே யார் மரபணுவில் கை வைக்க நினைத்தாலும், அது கசிந்து ஊரைக் கெடுக்காதா என்று முதலில் ஒரு குழு பார்க்க வேண்டும். குழுவில் நிலையத்துக்குச் சம்பந்தமில்லாத உள்ளூர்க்காரர்கள் இருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். மற்றவர், பள்ளியில் தவளையை அறுக்கும்போது மயங்கி விழுந்த நான்.

இரண்டு வருடங்களாக அங்கே நான் ஆற்றிய பணி, சாண்ட்விச் தின்றதும் தலைவர் சம்மதம் கேட்கும்போது கை தூக்கியதும்தான்.

அந்த மாதப் பட்டியலில் என் மனைவியின் தோழியின் விண்ணப்பம் இருந்தது. பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருப்பவள், அந்த நிலையத்தில் விஞ்ஞானி, என்னை அண்ணா என்பாள். முடக்கிய வைரஸ் ஒன்றின் மூலம் எலியின் மூளைக்குள் மரபணுவைச் செலுத்தும் ஆராய்ச்சி. எலிகள் வந்து இறங்கிவிட்டன. ஒரு மாதம் தள்ளினால் அவற்றுக்கு வயது தாண்டிவிடும். எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கழிவை அதே மாடியில் இருக்கும் ஆட்டோகிளேவில் வேகவைப்பதாகப் படிவம் சொன்னது. ஆட்டோகிளேவ் என்பது கிருமியைக் கொல்லும் ராட்சத குக்கர். ஆனால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் போன பாட்லக்கில் ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளே புலம்பியிருந்தாள்: "எங்கள புது பில்டிங்குக்கு மாத்திட்டாங்க அண்ணா, குக்கர் மட்டும் பழைய பில்டிங்லயே இருக்கு. ஸ்னோல பார்க்கிங் லாட் வழியா பால்காரன் மாதிரி வேஸ்ட் வண்டிய தள்றேன்." எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்கச் சிரித்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவளுக்கு போன் செய்தேன்.

"ஐயோ, போன வருஷ ஃபார்மையே காப்பி பண்ணி தேதிய மட்டும் மாத்தினேன். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

"திருத்திக் குடுத்துடேன்."

"இப்ப திருத்தினா அடுத்த மாசம்தான் வரும். என் எலிங்கல்லாம் கிழவியாயிடும். ப்ளீஸ் அண்ணா, எப்பவும் போல சாண்ட்விச்ச சாப்பிட்டுட்டு வந்துடுங்களேன்."

அந்த 'எப்பவும் போல' எனக்குச் சுருக்கென்றது.

"நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்மா."

போன் துண்டிக்கப்பட்டது.

புதன்கிழமை எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையது மடியிலேயே கிடந்தது. விஞ்ஞானம் புரியவில்லையா என்று தலைவர் மிகுந்த கனிவோடு கேட்டார். புரியவில்லைதான் என்றேன். ஆனால் பார்க்கிங் லாட் புரியும். என் கார் அதில்தான் நிற்கிறது, கழிவு வண்டியும் அதைக் கடந்துதான் பழைய கட்டடத்து குக்கருக்குப் போகிறது என்றேன். விண்ணப்பித்தவள் குடும்ப நண்பர், நான் அவள் வீட்டு ரசத்தைக் குடித்தவன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆபத்தில்லாத வைரஸ், சின்னப் பிழை, அனுமதி கொடுத்துவிட்டு அப்புறம் திருத்தலாம் என்றார் தலைவர்.

"படிவத்தில் இருப்பது பொய் என்று தெரிந்தபிறகு கை தூக்கவா இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்?" என்றேன். வீரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் சொல்லி முடித்ததும் தலைவரைப் பார்க்காமல் சாண்ட்விச்சைப் பார்த்தேன்.

தீயணைப்பு வீரர் மெல்லத் தன் கையை இறக்கினார். அதன்பின் இன்னும் மூன்று கைகள் இறங்கின. கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி: பாதுகாப்பு அதிகாரி நேரில் பார்க்க வேண்டும், கழிவு கசியாத பூட்டிய பெட்டியில் போக வேண்டும், அதுவரை வேலை தொடங்கக் கூடாது.

இதெல்லாம் நான்கு நாளில் முடிந்தது. எலிகள் இளமையாகவே இருந்தன. நேரில் போன அதிகாரி, அதே வழியில் இன்னும் இரண்டு ஆய்வகங்களின் வண்டிகள் உருள்வதைப் பார்த்தாராம். அவர்கள் படிவங்களிலும் குக்கர் அதே மாடியில்தான் இருந்ததாம்.

"ஒரு சாரி சொல்லிட்டா என்ன கொறஞ்சு போயிடும் உங்களுக்கு?" என்கிறாள் மனைவி.

"எதுக்கு சாரி?"

"ரசத்துக்காவது சொல்லுங்க."

சொல்லவில்லை. அடுத்த பாட்லக்கில் தோழி எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டே வந்தாள். என் கிண்ணத்தருகே கரண்டி நிற்காமல் கடந்து போனது. எழுந்து போய் நானே ஊற்றிக்கொண்டேன், இரண்டு கரண்டி.