பனியனுக்குள் தைத்த பை

வறுத்த பாதாம் வாசனையும், வெயிலில் தொங்கும் தோல் பைகளின் வாசனையும்... பார்சிலோனா என்றால் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

நானும் என் கணவரும் ஜெர்மனிக்கு வந்தபின் போன முதல் சுற்றுலா. அகதியாக வந்திறங்கிய அதே பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில்தான் விமானம் ஏறினோம். கையில் அகதிகளுக்குக் கடவுச்சீட்டாகக் கொடுக்கும் நீலப் பாஸ். அது தொலைந்தால் பேர்லினுக்குத் திரும்ப ஏலாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போதாததற்கு, அங்கே பிக்பாக்கெட் அதிகம் என்று இன்னொருவர். அவ்வளவுதான்! இவருடைய பனியனின் உட்பக்கம் ஒரு பை தைத்துக் கொடுத்தேன். இரண்டு பாஸும் அதற்குள்.

என்ன ஊர் அது! அலை அலையாக வளைந்த வீடுகள், வானத்தை முட்டும் கோபுரங்கள். உடைந்த பல நிற ஓடுகளை ஒட்டிச் செய்த நீண்ட இருக்கை ஒன்றில் அரை மணி நேரம் இருந்தோம். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். இவர் பின்னால் வருகிறவர்களையே பார்த்தார். நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஒருக்கா அண்ணாந்து பாருங்கோவன்."

"நீர் பாரும். நான் இதைப் பாக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கடைத்தெருவில் ஒரு விசிறி மனதுக்குப் பிடித்தது. கறுப்புத் துணியில் கையால் வரைந்த சிவப்புப் பூக்கள். விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்... யாரோ இவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

"ஐயோ, காணேல்லையப்பா!"

நடுத்தெருவில் இவர் சட்டைப் பொத்தான்களைப் பிய்க்கிறார். சனம் நின்று பார்க்கிறது. விசிறியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வியர்வையில் என் தையல் விட்டுப்போயிருந்தது. பாஸ் இரண்டும் கீழே நழுவி, பெல்ட்டில் சிக்கி நின்றன.

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "றூமுக்குப் போவம்" என்றார். அதன்பின் விமானத்துக்குத்தான் வெளியே வந்தோம். விசிறி அங்கேயே கிடந்தது.

அப்போது எனக்குக் கோபம்தான். இப்போதுதான் விளங்குகிறது. ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்த மனுசன் அல்லவா...

போன வாரம் மகள் சிநேகிதிகளோடு அங்கே போனாள். ஒரு போன், ஒரு அடையாள அட்டை. அட்டையை எந்தப் பைக்குள் போட்டாள் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. அதே ஓட்டு இருக்கையில் இருந்து படம் அனுப்பினாள்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நிறமே அங்க இருந்தது?"

"ஓம்" என்றேன்.