எதற்கென்று கேட்காத அழகர்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த அழகருக்கு, சொன்னதும் வாயைத் திறப்பது சின்ன வயதுப் பழக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் வயிற்றுப்பூச்சி மருந்தோடு வந்தால், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாயைத் திறப்பார்கள். என்ன மருந்து என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிறவனை எந்தத் தோட்டத்துக்குத்தான் பிடிக்கும்?

மரம் வெட்டி விற்றதற்காகத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனபோதும் அப்படித்தான். ஒருவர் பஞ்சுக்குச்சியோடு வந்தார். அழகர் வாயைத் திறந்தார். அது டி.என்.ஏ. சோதனைக்கு எடுக்கும் எச்சில் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் விடுதலையான பிறகு, ஹாலிஎலயில் யாரோ ஒரு கடையை உடைத்தார்கள். உடைந்த கண்ணாடியில் இருந்த இரத்தத்தைச் சிறையில் எடுத்த எச்சிலோடு ஒப்பிட்டுச் சோதித்தவர்கள், அது அழகருடையது அல்ல, அவர் பிள்ளையுடையதாக இருக்கலாம் என்றார்கள். அவருக்கு ஒரே மகன், தயாபரன். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"சம்மதம் கேக்காம உங்க எச்சிலை எடுத்திருந்தா, அது செல்லாதுன்னு வாதாடிப் பாக்கலாம். கேட்டாங்களா?" என்றார் அழகர் பார்க்கப் போன பதுளைச் சட்டத்தரணி.

"வாயைத் தொறக்கச் சொன்னாங்க. தொறந்தேங்க."

"தொறந்ததே சம்மதம்னு சொல்லிருவாங்க" என்று சட்டத்தரணி கோப்பை மூடினார்.

அழகர் அங்கிருந்து நேரே மகனைப் பார்க்கச் சிறைக்குப் போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார்: "யாராச்சும் வாயைத் தொறக்கச் சொன்னா, எதுக்குன்னு கேளுடா."

தயாபரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்தே தொறந்துட்டேம்பா."