கிளிமுக்குப் பயந்து வளர்த்த நோய்

யெகோர் லாப்தினுக்கு உயிர்மேல் ஆசை அதிகம். அந்த ஆசைதான் அவனைக் கெடுத்தது. சைபீரியச் சிறையின் மரம் அறுக்கும் கொட்டகையில் நடந்த சண்டையில், கிளிம் என்ற முரட்டுக் கைதியின் தம்பியை இரும்புக் கம்பியால் அடித்து ஒரு கண்ணைப் போக்கிவிட்டான். அன்றைக்கே கிளிம் ஆட்களோடு வந்து அவனைக் கீழே தள்ளி விலா எலும்பு நொறுங்க மிதித்தான். காவலர்கள் ஓடிவந்ததால் உயிர் தப்பியது.

"இன்னிக்குப் பொழச்சிட்ட. எங்க போயிடுவ? உன் கொடல உருவாம விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் கிளிம்.

அவனிடமிருந்து தப்ப ஒரே வழி, வேலிக்கு அப்பால் இருந்த காசநோய்ச் சிறை. சளியில் கிருமி தெரிந்தால் போதும், அங்கே மாற்றிவிடுவார்கள். பாலும் வெண்ணெயும் வேறு கிடைக்கும். இருமிச் சாகிறவனின் சளியை வாயில் அடக்கிப் போய்ச் சோதனைக் குப்பியில் துப்புவது அங்கே எல்லாக் கைதிக்கும் தெரிந்த வித்தை. யெகோரும் அதையே செய்தான். ஊரான் நோயை வாயில் வைத்தால் அது சும்மா இருக்குமா? அடுத்த குளிர்காலத்துக்குள் அவனே ரத்தம் கக்கினான்.

மருத்துவர் நீனா அர்கதியெவ்னா மாத்திரையைத் தன் கண்ணெதிரே விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வார். ஆனால் குணமானால் மறுபடி கிளிமிடம்தானே அனுப்புவார்கள்? உடைந்த கடைவாய்ப் பல்லின் பொந்தில் மாத்திரையைச் செருகி, பிறகு கழிவறையில் துப்பினான். காய்ச்சல் தாங்க முடியாதபோது சில நாள் ஒழுங்காக விழுங்குவான். தேறியதும் பழைய கதை. நோயும் ஒழிந்துவிடாமல், தானும் செத்துவிடாமல் அதை வளர்த்தான், மடப்பயல்.

ஒருநாள் மாத்திரையைத் துப்பும்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். நீனா கத்தவில்லை.

"சண்டை போட்டதுக்கு உன்னத் தண்டனைக் கொட்டடில போட்டாங்களே, அந்தக் குளிர்ல எப்படிடா உசுரோட இருந்த?"

"அசையாம சுருண்டு கெடந்தேன். ஒடம்புல இருந்த கொழுப்பு காப்பாத்துச்சு."

"உன் நெஞ்சுல இருக்குற கிருமியும் அதத்தான் பண்ணுது. காத்து கெடைக்கலைன்னா வளர்றத நிறுத்திட்டு, உன் கொழுப்பத் தின்னு முடங்கிக் கெடக்கும். வளர்றதத்தான் மருந்து சட்டுனு கொல்லும். முடங்கினத மாசக்கணக்குல விடாம அடிக்கணும். நீ அடிக்கிற, விடுற. மருந்துக்கு மசியாதது மட்டும் மிஞ்சிப் பெருகுது."

"அது மெதுவாத்தான் கொல்லும், நீனா அர்கதியெவ்னா. கிளிம் ஒரே குத்துல முடிச்சிடுவான்."

நீனா புலம்பிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பனி உருகும் காலத்தில் சேதி வந்தது. கிளிமின் கூட்டாளியே அவன் மண்டையைக் கோடாரியால் பிளந்துவிட்டான். யெகோர் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துச் சிரித்துத் தலையணை முழுக்க ரத்தமானது. அன்றிலிருந்து ஒரு மாத்திரையைக்கூடத் துப்பவில்லை. இனிக் குணமாகலாம், வெளியே போகலாம், வாழலாம்.

கோடை முழுக்க விழுங்கினான். சளியில் கிருமி குறையவே இல்லை.

"இங்க இருக்குற எந்த மருந்துக்கும் அது சாகல யெகோர்" என்றார் நீனா.

"வேற மருந்து குடுங்க."

"எங்கிட்ட இல்லப்பா."

யெகோர் முக்காலியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தான். உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் குத்தினான். "நான் வாழணும், நான் வாழணும்" என்று ரத்தக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதவனைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்துக் கட்டிலுக்கு வாதிம் என்ற புதுக் கைதி வந்தான், நாற்பது வயது ஆள். நீனா முதுகைத் திருப்பியதும் கன்னத்திலிருந்து மாத்திரையை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்தான். அவனுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் எந்தக் கிளிம் காத்திருந்தானோ.

யெகோர் பாய்ந்துவிட்டான். எலும்பும் தோலுமாக இருந்தவனுக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ. வாதிமைத் தரையில் சாய்த்து, நெஞ்சின்மேல் ஏறி, மூக்கு உடையக் குத்தினான். சட்டையைக் கிழித்து மாத்திரையை எடுத்து அவன் தொண்டைக்குள் திணித்தான்.

"முழுங்குடா நாயே. முழுங்கு."

வாதிம் விரலை எலும்பு தெரியக் கடித்தான். காவலர்களின் தடி யெகோரின் முதுகிலும் தலையிலும் விழுந்தது. நீனா நடுவில் வந்து நிறுத்தப் பார்த்தார். யெகோர் கையை எடுக்கவில்லை. வாதிமின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கிய பிறகுதான் எடுத்தான்.